80 சென்ட் வேலையும் முகாம் கூலியும்: கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், வெளிநாட்டில் ஓர் உறவு இருக்கும் வீடுகள் நிறைய. ஜெர்மனியில் அசூல், அதாவது புகலிடம், கேட்டுக் காத்திருப்பவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் "மணிக்கு 80 சென்ட் வேலை" என்ற பேச்சு வர ஆரம்பித்ததிலிருந்து, மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. ஒன்று அங்கே இருப்பவருக்காக. இன்னொன்று, "சரி, எங்களுக்கு இங்கே என்ன உரிமை இருக்கு?" என்பது. இரண்டுக்கும் இங்கேயே பதில் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

என் தம்பி ஜெர்மனியில் அசூல் கேட்டிருக்கிறான். மணிக்கு 80 சென்டுக்கு வேலைக்கு வா என்கிறார்களாம். யாராவது ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அதற்குச் சட்டமே இருக்கிறது. புகலிடம் கோருவோருக்கான உதவிச் சட்டம் என்று 1993ல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் 5ஆம் பிரிவுப்படி, உதவித்தொகை வாங்கும், உடம்பில் தெம்புள்ள, வேலையில் இல்லாத ஒருவருக்கு அதிகாரிகள் ஒரு பணியைக் காட்டினால் அவர் அதைச் செய்தாக வேண்டும். முகாமைப் பெருக்கித் துடைப்பது, துணி துவைக்கும் அறையைப் பார்த்துக்கொள்வது, ஊர்ப் பூங்காவில் சருகு வாருவது, குளிர்காலத்தில் நடைபாதையில் பனி தள்ளுவது மாதிரியான வேலைகள்.

2016 வரை மணிக்கு 1.05 யூரோ கொடுத்தார்கள். அந்த ஆண்டு 80 சென்டாகக் குறைத்தார்கள். முகாமுக்குள்ளேயே செய்யும் வேலைக்குச் செலவு என்ன பெரிதாக ஆகப்போகிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பிரிவு பழையதுதான் என்றாலும் கட்டாயம் என்பதைப் பல ஊர்களில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். 2024ல் துரிங்கியா மாநிலத்தின் சாலே-ஓர்லா மாவட்ட நிர்வாகம் "நாளுக்கு 4 மணி நேரம், கட்டாயம்" என்று அதைக் கையில் எடுத்த பிறகு நாடு முழுக்கப் பேச்சானது. உங்கள் தம்பி காதுக்கு வந்ததும் அந்த அலைதான்.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். இந்தப் பணியை முகாம் நிர்வாகம், அரசு, உள்ளாட்சி, லாபநோக்கு இல்லாத அமைப்பு ஆகியவைதான் தரலாம். ஓட்டல்காரரோ கட்டட காண்ட்ராக்டரோ "நீ அசூல்காரன்தானே, 80 சென்ட் போதும்" என்றால் அது சட்டவிரோதம். நம்ம ஆள் நடத்தும் கடையாக இருந்தாலும் அப்படித்தான்.

80 சென்ட் என்றால் நம்ம காசுக்கு எவ்வளவு?

எண்பது ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் ரூபாயில் மாற்றிப் பார்த்தால் விஷயம் புரியாது. 2025ல் ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. பக்கத்தில் துடைப்பம் பிடிக்கும் வேறொருவருக்குச் சட்டம் தரும் தொகையில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு மணி நேரம் பனி தள்ளினால் 3 யூரோ 20 சென்ட்.

உதவித்தொகையிலிருந்து இந்தக் காசைக் கழிக்க மாட்டார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல். பஸ்ஸுக்கோ வேறு எதற்கோ ஆகும் செலவு 80 சென்டைத் தாண்டினால், ரசீது காட்டிக் கூடுதலாகக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டிக்கெட்டை எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

"செய்ய மாட்டேன்" என்றால் நாடு கடத்திவிடுவார்களா?

மாட்டார்கள். அசூல் கேஸ் வேறு, இது வேறு. தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் உதவித்தொகையை வெட்டுவார்கள். சாப்பாடு, தங்குமிடம், வீட்டுச் சூடு, உடல் சுத்தம், மருத்துவம் ஆகியவற்றுக்கு உண்டானது நிற்காது. கைச்செலவுக்கு வரும் பணம் போய்விடும். முதலில் அதிகபட்சம் 6 மாதத்துக்குத்தான் வெட்ட முடியும். பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

உடம்பு முடியாமல் இருப்பது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, மொழி வகுப்போ தொழிற்பயிற்சியோ நடந்துகொண்டிருப்பது, ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பது எல்லாம் தக்க காரணங்கள். இதை வாயால் சொல்லக் கூடாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். வெட்டு உத்தரவு வந்தால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை. ஆனால் ஆட்சேபணை போட்டாலும் வெட்டு நிற்காது என்பதால் உதவித்தொகை வழக்குகளைப் பார்க்கும் சமூக நீதிமன்றத்தில் அவசர மனுவும் சேர்த்துப் போட வேண்டும். அந்த நீதிமன்றத்தில் உதவித்தொகை வாங்குபவருக்குக் கட்டணம் கிடையாது. உத்தரவு வந்த உறையில் தேதி இருக்கும். உறையையும் பத்திரமாக வைக்கட்டும். நம் ஊரிலும் எத்தனையோ மனுக்கள் உறையைக் கிழித்துப் போட்டதால்தான் தோற்றிருக்கின்றன.

அந்த வேலைக்கு இன்சூரன்ஸ், பென்ஷன் ஏதாவது?

சாதாரண வேலைக்கு உள்ளது மாதிரி கிடையாது. "இதனால் தொழிலாளர் சட்டப்படியான வேலை உறவு எதுவும் ஏற்படாது" என்று அதே பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு உறவும் இல்லை, பென்ஷன் கணக்கில் ஒரு நாளும் ஏறாது. ஆனால் பணியிடப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். கையுறை, பூட்ஸ் கேட்டு வாங்கலாம்.

அடித்து உதைக்கவில்லை, சோற்றை நிறுத்தவில்லை. ஆனாலும் இது கட்டாய உழைப்புத்தானே?

என்னைக் கேட்டால், ஆமாம் என்பேன். ஜெர்மன் அரசு இல்லை என்கிறது. இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை, தண்டனை மிரட்டலின் பேரில், தானாக முன்வராத ஒருவரிடம் வாங்கும் வேலையைக் கட்டாய உழைப்பு என்கிறது. ராணுவ சேவை, வழக்கமான குடிமைக் கடமை, கோர்ட் தண்டனை பெற்ற கைதியின் வேலை, வெள்ளம் தீ மாதிரியான அவசரம், ஊருக்கான சின்னச் சின்ன வேலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஜெர்மனியும் இந்தியாவும் இதில் கையெழுத்துப் போட்ட நாடுகள். ஜெர்மன் தரப்பு வாதம் எளிது: உதவித்தொகை தருகிறோம், கொஞ்சம் உழைக்கச் சொல்கிறோம், மறுத்தால் உதவியைக் குறைக்கிறோம். இதில் தண்டனை எங்கே?

இதே வாதம் நம் நாட்டுக் கோர்ட்டுக்கு வந்து தோற்றிருக்கிறது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணம் என்று ரோடு போடும் வேலை கொடுத்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். கேட்டால், இது கூலி இல்லை, நிவாரணம். நிவாரணப் பணிக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று 1964லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறோம் என்றது மாநில அரசு. 1983ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசு தர்மம் செய்யவில்லை, ரோடு கிடைக்கிறது. ஒருவரின் கையறு நிலையைப் பயன்படுத்திக்கொண்டு குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் தள்ளினால் அதுவும் கட்டாயமே, கத்தி முனையில் நிறுத்த வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இந்தத் தீர்ப்புகள் ஜெர்மனியில் செல்லாது. ஆனால் தம்பிக்கு மனசு தளர்ந்தால் சொல்லுங்கள். கூலிக்குச் "செலவுத் தொகை" என்று பெயர் மாற்றி வைத்துத்தான் தொழிலாளர் சட்டத்தை வெளியே நிறுத்துகிறார்கள். அங்கேயும் அகதி அமைப்புகளும் தொழிற்சங்கத்தாரும் இதை எதிர்க்கிறார்கள். அவனுக்கு மட்டும் தோன்றும் கோபம் இல்லை இது.

அவன் ஒழுங்கான சம்பளத்துக்கு எப்போது வேலைக்குப் போகலாம்?

முதல் வரவேற்பு முகாமில் இருக்கும்வரை பொதுவாக 6 மாதம் தடை. வெளியே மாற்றிவிட்டால், வந்து 3 மாதம் ஆனதும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி கேட்கலாம். கொடுப்பது அவர்கள் கையில். திரும்பிப் போனால் ஆபத்து இல்லை என்று ஜெர்மனி கருதும் "பாதுகாப்பான நாடு" பட்டியலில் உள்ள நாட்டுக்காரர்களுக்குத் தடை இன்னும் கெடுபிடி. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

அனுமதியோடு போகும் வேலைக்கு முழு குறைந்தபட்சக் கூலி உண்டு. அனுமதி இல்லாமல் செய்தது தப்பு, கேஸுக்கும் கெடுதல். ஆனாலும் செய்த வேலைக்குக் கூலி கேட்கும் உரிமை அதனால் போய்விடாது.

லண்டன், அமெரிக்காவில் எப்படி?

பிரிட்டனில் அசூல் முடிவுக்காக 12 மாதம் காத்திருந்த பிறகுதான் வேலை அனுமதி கேட்கவே முடியும், அதுவும் சில வகை வேலைகளுக்கு. குடிவரவுத் தடுப்பு மையத்துக்குள் இருப்பவர் பெருக்கினால், சமைத்தால் மணிக்கு 1 பவுண்டு. அமெரிக்கத் தடுப்பு மையங்களில் நாள் முழுக்க வேலைக்கு 1 டாலர். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மையத்தை நடத்திய தனியார் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, மாநிலக் குறைந்தபட்சக் கூலிப்படி 1.73 கோடி டாலர் பாக்கி என்று 2021ல் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது.

இங்கே முகாமில் அரசு தரும் மாதப் பணக்கொடை வாங்குகிறோம். அதற்காக எங்களை வேலை செய்யச் சொல்ல முடியுமா?

முடியாது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று 2021ல் உயர்த்தினார்கள். அந்த உத்தரவில் வேலை என்ற நிபந்தனையே கிடையாது. முகாமில் ஆள் எண்ணும் தணிக்கை நாளில் ஆள் இருக்க வேண்டும், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். "அலுவலகத்தைச் சுத்தம் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடு" என்று யார் சொன்னாலும் அதற்குச் சட்டம் இல்லை. முகாம் ஆட்கள் கூடித் தெருவைக் கூட்டிக்கொள்வது வேறு விஷயம்.

1,500 ரூபாயில் யாரும் வாழ முடியாது என்பது தெரிந்த கதை. அதனால்தான் விடிகாலையில் பெயிண்ட் டப்பாவும் ரோலருமாக ரயிலேறுகிறீர்கள். ஜெர்மனியில் வேலையைக் கட்டாயமாக்கிக் கூலியை மறுக்கிறார்கள். இங்கே கட்டாயம் இல்லை, ஆனால் காகிதம் இல்லாதவரைக் குறைந்த கூலிக்குப் பிடிக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

இந்தியக் குடியுரிமை இல்லாதவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். இதைத்தான் சத்தமாகச் சொல்ல நினைக்கிறேன். அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு குடிமகனுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. சமத்துவம் பற்றிய 14ஆம் பிரிவும் உயிர், சுதந்திரம் பற்றிய 21ஆம் பிரிவும் அப்படித்தான். சக்மா அகதிகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் 21ஆம் பிரிவு அவர்களையும் காக்கும் என்றது. 1948ஆம் ஆண்டுப் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் கூலித் தொகுப்புச் சட்டமும் சரி, கூலிக்கு வேலை செய்யும் நபர் என்றுதான் பேசுகின்றன. எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதில்லை.

இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் "அகதிக்கு உரிமையே இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அகதி என்பதற்காகத் தனி உரிமை இல்லை என்பது உண்மை. தொழிலாளி என்ற உரிமை இருக்கிறது.

மேஸ்திரி ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறார். பேசாமல் இருப்பதா?

மேலே சொன்ன ஆசியப் போட்டி வழக்கில் இதுவும் ஒரு பிரச்சினை. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 பைசா. ஆள் பிடித்து வந்த ஜமேதார் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 பைசாதான் கொடுத்தார். குறைந்தபட்சக் கூலி தொழிலாளியின் கைக்கு முழுசாகப் போக வேண்டும், கமிஷன் வேண்டுமென்றால் காண்ட்ராக்டர் தன் பையிலிருந்து கொடுக்கட்டும் என்பதுதான் அதில் தீர்ப்பின் சாரம்.

நடைமுறையில், பெயிண்டருக்கு மேஸ்திரி பிடித்தது போகக் கிடைப்பதே குறைந்தபட்சக் கூலியைத் தாண்டியிருக்கலாம். அப்போது சட்டத்தைவிடப் பேச்சுவார்த்தைதான் உதவும். மேஸ்திரியும் பல சமயம் அதே முகாம்காரர், பக்கத்து வரிசை வீட்டு மாமா. அவரைப் பகைத்துக்கொள்வதைவிட, மேலே இருக்கும் காண்ட்ராக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது. பாக்கியைக் கடைசியில் வைத்திருப்பது பெரும்பாலும் காண்ட்ராக்டர்தான்.

தடா, ஸ்ரீசிட்டி பக்கம் வேலை செய்தோம். பணம் வரவில்லை. எங்கே போவது?

வேலை நடந்த இடம்தான் கணக்கு. ஆரம்பாக்கம் தாண்டிவிட்டால் ஆந்திரா. தடாவும் ஸ்ரீசிட்டியும் இப்போது திருப்பதி மாவட்டம். ஆந்திர அரசு நிர்ணயித்த கூலி, ஆந்திரத் தொழிலாளர் துறை. மனுவைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் வேலை நடக்கும். கும்மிடிப்பூண்டியில் தெலுங்கு எழுதத் தெரிந்தவருக்குப் பஞ்சமே இல்லை. காண்ட்ராக்டர் அலுவலகம் இந்தப் பக்கம் இருந்து, வேலை மட்டும் அந்தப் பக்கம் நடந்திருந்தால் இரண்டு முகவரியையும் மனுவில் எழுதுங்கள். கூலித் தொகுப்புச் சட்டத்தில் 3 ஆண்டுவரை உரிமை கோரலாம். அதற்காக மூன்றாவது வருஷம் வந்து நிற்காதீர்கள். அதற்குள் காண்ட்ராக்டர் போன் நம்பரே மாறியிருக்கும்.

சம்பளச் சீட்டு, அட்டை எதுவும் தரவில்லை. எதை ஆதாரமாகக் காட்டுவது?

ஒரு பெயிண்டர் தம்பி கொண்டுவந்த நாற்பது பக்க நோட்டுதான் நான் பார்த்ததிலேயே நல்ல ஆதாரம். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தேதி, சைட் பெயர், "2ஆம் மாடி ஹால், உப்புத்தாள் தேய்த்து பட்டி இரண்டாவது கோட்", கூட வந்தவர் பெயர், சனிக்கிழமை வாங்கிய தொகை, பாக்கி. ஓரத்தில் பெயிண்ட் கைரேகை. பாக்கித் தொகைக்குக் கீழே சில வாரங்களில் மேஸ்திரியிடம் சும்மா ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தான். "கணக்கு மறந்துடும் அண்ணே, போடுங்க" என்று கேட்பானாம். அவரும் சிரித்துக்கொண்டே போட்டிருக்கிறார். பேச்சுவார்த்தையில் அந்தக் கையெழுத்தைக் காட்டியதும் பேச்சு முடிந்துவிட்டது.

நோட்டு இல்லையென்றால் ஜிபே வரவு, "நாளைக்கு எட்டு மணிக்கு சைட்டுக்கு வந்துடு" என்ற வாட்ஸ்அப் குரல், சாரத்தில் நின்று எடுத்த போட்டோ எல்லாம் உதவும். போனை மாற்றும்போது இவற்றை அழித்துவிடாதீர்கள்.

புகார் கொடுத்தால் முகாமில் பிரச்சினை வருமா?

இந்தப் பயம்தான் முதலாளிக்கு லாபம். கூலி கேட்பது குற்றம் இல்லை, பதிவை ரத்து செய்யக் காரணமும் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். "உன்னைப் பிடித்து உள்ளே போடச் சொல்வேன்" என்று மிரட்டுபவருக்கு இதைச் சொல்லலாம். அதேசமயம், தணிக்கை நாளில் சொல்லாமல் வெளியூரில் இருந்துவிட்டு அடுத்த நாள் புகாரோடு வந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

போடாதீர்கள். வேலையில் நடந்த விபத்துக்கு இழப்பீடு 1923 முதல் சட்டத்தில் இருக்கிறது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் வந்திருக்கிறது. இதற்கும் குடியுரிமை நிபந்தனை கிடையாது. காண்ட்ராக்டர் கை விரித்தால் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியைக் கேட்கலாம். தொழிலாளர் துறையில் இழப்பீட்டைப் பார்க்கும் அதிகாரியிடம் 2 ஆண்டுக்குள் மனு. ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுத விட்டுவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம். எந்த சைட், எத்தனையாவது மாடி என்று முதல் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முன்பணம் வாங்கினோம். கழியும்வரை வெளியே போகக் கூடாது என்கிறார் செங்கல் சூளைக்காரர்.

இதற்குப் பெயர் கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடனையே செல்லாது என்கிறது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் ஒடிசாக்காரர்களையும் இருளர்களையும் இப்படி மீட்டிருக்கிறார்கள். கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ.விடம் நேரே சொல்லலாம். அங்கே சிக்கியிருப்பவருக்காக வெளியே இருப்பவர் சொன்னாலும் போதும்.

என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். இன்டர்வியூவில் தேர்வாகி, முகாம் முகவரியைப் பார்த்ததும் வேண்டாம் என்றார்கள். என்ன செய்ய?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அரசு வேலை குடியுரிமை இல்லாமல் கிடைக்காது. தனியார் நிறுவனத்தை முகாம் பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டமும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் இலங்கையைச் சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். முகாமில் வளர்ந்த அப்படி ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022ல் உத்தரவிட்டது. உங்கள் வீட்டில் பெற்றோரில் ஒருவர் அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். பிள்ளையின் நிலையும் அதை வைத்து மாறலாம். வக்கீலிடம் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு?

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987ன்படி பெண்கள், குழந்தைகள், வருமானம் குறைந்தவர்கள், 23ஆம் பிரிவு சொல்லும் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். 15100க்குப் போன் செய்யலாம், அல்லது பொன்னேரி கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்டுப் போகலாம். முகாம் அட்டை நகல், நோட்டு, போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். ஆதாரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.